டாக்டர் ஹாலாஸ்யத்தின் கண்

டாக்டர் ஹாலாஸ்யம் யாரையும் முகம் பார்த்துப் பேசுவதில்லை, கழுத்தைப் பார்ப்பார். மதுரை சிம்மக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் கழுத்து நரம்பு ஒரு மாதிரி துடித்தால் போதும், தன் பஸ்ஸை விட்டுவிட்டு அவனிடம் போய்விடுவார். "மாடி ஏறினா மூச்சு வாங்கறதோ?" என்பார், ஊர் பேர் தெரியாதவனிடம். கல்யாண வீட்டுக்கு அவரைத் தனியாக அனுப்ப மனைவி பாலாம்பாளுக்குப் பயம். ஒரு முகூர்த்தத்தில் தாரை வார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் தகப்பனாரை எழுந்து போய் நாடி பிடித்தவர் ஆயிற்றே!

எண்பதுகளின் தொடக்கத்தில், இதயம் அசைவதைத் திரையில் காட்டும் எக்கோ மிஷின் அவருடைய ஆஸ்பத்திரிக்கு வந்தது. கிறுக்கு முற்றிவிட்டது. நெஞ்சு வலி என்று வருகிறவனை யாரும் பார்ப்பார்கள். வலிக்கு முன்பே இதயத்தில் விழுகிற அடியைப் படத்தில் பிடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி. செல்லூர் விசைத்தறிக்காரர்களை, ஒரு குறையும் சொல்லாதவர்களை, வரவழைத்தார். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. மிஷினின் குமிழ் வழுக்கி நகர்வதற்கான பசையைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் நெஞ்சில் தடவுவார். இருட்டில், திரையில், சாம்பல் நிறத்தில் இதயம் விரிந்து சுருங்கும். படுத்திருப்பவன் ஊர்க்கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான். "இவன் சிரிக்கறான், உள்ளே இதயத்துச் சுவர் ஒண்ணு அசையாம தூங்கறது" என்று முணுமுணுப்பார் டாக்டர். கேட்கிறவனுக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

"இன்னொரு தடவை பார்க்கணும், வாங்கோ" என்று அவர் சொல்லி அனுப்பிய மலையாண்டி, வராமலே தறியடியில் விழுந்து செத்தான். காளை என்கிற இன்னொரு தறிக்காரனும் அப்படியே. வந்து மருந்து சாப்பிட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. பிழைத்தவனைப் பற்றி எந்த டீக்கடையில் பேசுகிறார்கள்? டாக்டர் கண் பட்டால் சாவுக்கு நாள் குறித்தாயிற்று என்று செல்லூர் முடிவு கட்டிவிட்டது. அவர் தெருவுக்குள் நுழைந்தால் ஆண்கள் துண்டை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் கடந்து போன பிறகு ஒவ்வொன்றாக ஓடின.

அடுத்து அவர் மறுபடி கூப்பிட்டது கருத்தக்கண்ணனை. ஆள் வரவில்லை. வீடு தேடிப் போனால், மனைவி ஜெயக்கொடி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்துக்கூட அம்புட்டுச் சோறு தின்னாக. நீங்க பாக்காம இருந்தா நல்லாத்தேன் இருப்பாக. போங்கய்யா!"

"வலி வரதுக்கு முன்னாடிதாம்மா காப்பாத்த முடியும். வந்தப்புறம் என்னாலயும் ஆகாது." செத்துப்போன இருவரும் டாக்டர் மனசைவிட்டு இறங்கவேயில்லை.

ஜெயக்கொடி வாசலைவிட்டு ஓர் அடி விலகினாள். "சரி, கூட்டியாரேன். மிஷினு பாக்கட்டும். நீங்க பாக்கப்படாது."

"மிஷின் படத்தை டேப்ல பதிஞ்சுக்கும். அப்புறமா நான் டேப்பைத்தான் பார்ப்பேன். இவரைப் பார்க்க மாட்டேன். சம்மதமா?"

அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் சொன்னபடி வந்தார்கள். கருத்தக்கண்ணன் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தான். அவன் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அந்த இருட்டிலும் ஜெயக்கொடி டாக்டரின் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

ஹாலாஸ்யம் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மிஷினின் குமிழை வைக்க அவன் விலா எலும்புகளுக்கு நடுவே இடத்தை விரலால் தடவித் தேடினார்.