உயிர்நூலில் பதினொரு பூ

வீர்வெ முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பு அவளுக்குத் தெரியும். "மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க." பொத்தானைத் தட்டிவிட்டு, "மூச்சு விடலாம்." ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சொல்லி அது நாக்கிலேயே தங்கிவிட்டது. ஓய்வு பெற்றபின் வீட்டின் தெற்குச் சுவரோரம் பூக்கொடி வளர்த்துப் படம் எடுக்க ஆரம்பித்தாள். பூவிடமும் அதையேதான் சொன்னாள். காற்றடித்தால் படம் கலங்கிவிடுமே, அதற்காக. அவள் புருஷன் எல்மார், பால் வண்டி ஓட்டிய மனுஷன், இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். "எம் பொண்டாட்டி பூவுக்கு நெஞ்சு சளி இருக்கான்னு பாக்குறா."

அவள் வளர்த்தது கிளெமாட்டிஸ். அந்தப் பெயரை நாற்றுப் பண்ணைச் சீட்டில்தான் பார்க்கலாம். எஸ்தோனியாக்காரர்களான எங்கள் வாயில் அது எலுலோங், அதாவது உயிர்நூல். ஒருவர் செத்துப்போனாலும் 'உயிர்நூல் அறுந்துபோச்சு' என்றுதான் சொல்வோம். கொடிக்கும் உயிருக்கும் ஒரே சொல்லை வைத்த மகராசன் எவனோ, கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

வீர்வெயின் சுவரில் ஏழெட்டுக் கொடிகள் இருந்தன. காலுக்கு நிழல், தலைக்கு வெயில் என்று ஒவ்வொன்றின் அடியிலும் கல் அடுக்கி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் உசத்தி ஒரு வெள்ளைக்கொடி. விதை போட்டு, முளைக்க ஒன்றரை வருஷம், பூக்க இன்னும் நாலு வருஷம் காத்திருந்து அவளே உண்டாக்கியது. அதற்குத் தன் தங்கை ஹில்யாவின் பெயரை வைத்தாள். உயிரோடு இருப்பவர் பெயரைக் கொடிக்கு வைக்காதே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கேட்கிற ஜாதியா அவள்?

ஹில்யாவுக்கும் அக்காவுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். தங்கையின் வாய்தான் முப்பது வயது பெரியது. எங்கள் பேச்சில் ஹில்யா என்றால் தாமதம் என்று ஒரு அர்த்தம் உண்டு. "எம் பேரே லேட்டு. சாவுக்கும் லேட்டாத்தான்க்கா போவேன்" என்று அறுபது வருஷமாக அதே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஜூன் மாதம் அவளுடைய இதய வால்வு கெட்டுப்போய், தார்த்து நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீர்வெக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அம்மா போனபின் அவளுக்கென்று இருந்த ஒரே ரத்தம் அது.

அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தினமும் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறி வெள்ளை இதழை வெளிற அடிப்பதற்குமுன், அந்தக் கொடியைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். எடுக்குமுன் பூவை எண்ணுவாள். உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்கும் பூ ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை சவப்பெட்டிக்கு. இது எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இரட்டையாகப் பூத்திருந்தால் ஒன்றை இலைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் கேமராவைத் தூக்குவாள்.

பதினாறாம் தேதி ஏழு பூ இருந்தது. எண்ணினாள், எடுத்தாள், அனுப்பினாள். கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"என்னக்கா, ஆறு பூ அனுப்பியிருக்க? அதுக்குள்ள பெட்டி செஞ்சாச்சா?"

"ஏழுடி. எண்ணித்தான் அனுப்பினேன்."

"ஆறுதான். பக்கத்து பெட்காரியும் எண்ணிட்டா. அவ கணக்கு வாத்தியாரம்மா."

வீர்வெ படத்தைப் பார்த்தாள். ஆறு. ஓடிப்போய்க் கொடியைப் பார்த்தாள். ஏழு. விட்டுப்போன பூ இருக்க வேண்டிய இடத்தில் படத்தில் மஞ்சள் சுவர்ப் பலகையும் ரெண்டு இலையும் பளிச்சென்று தெரிந்தன.

மறுநாள் எல்மாரையும் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் தனித்தனியாக எண்ணினார்கள். ஒன்பது. படத்தில் எட்டு.

"வெள்ளைப் பூ. கேமரா பழசு. அது என்ன பண்ணும், பாவம்" என்றான் எல்மார்.

"சுவரு மஞ்சள்யா. வெள்ளை தெரியாமப் போகுமா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் சும்மா இருந்தது அவளை இன்னும் பயமுறுத்தியது. படம் என்பது கண்ணுக்குத் தெரியாததையும் காட்டும், தெரிவதை மறைக்காது. முப்பத்தைந்து வருஷம் அவள் நம்பியது அதைத்தான். பெட்டியிலிருந்து பழைய படங்களை எடுத்துக் கொட்டினாள். அம்மாவின் கடைசிக் கோடையில் அம்மா கட்டிலருகே வைக்க என்று எடுத்த படம் ஒன்று இருந்தது. ஐந்து பூ எடுத்ததாக ஞாபகம். படத்தில் நாலு.

அன்றைக்கு ஹில்யாவே மறுபடி கூப்பிட்டாள். குரலில் பழைய காரம் இல்லை. "அக்கா, எனக்கு பயமா இருக்கு. நாளைக்கு ஒத்தப்படையா அனுப்பிரு, சரியா? பக்கத்துல உம் புருஷன், அந்தக் கிறுக்கனையும் நிக்க வை. சிரிச்சிட்டே உள்ள போறேன்."

பதினெட்டாம் தேதி காலையில் பதினொரு பூ விரிந்திருந்தது. எல்மார் சட்டை மாற்றி, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டு கொடியோரம் நின்றான். காற்று லேசாக அசைத்தது. கொடியின் ஒரு கிளையை ஒதுக்கி, அது ஆடாமல் கையில் பிடித்துக்கொண்டான்.

"சீக்கிரம் எடு. எறும்பு கால்ல ஏறுது."

"பேசாத. மூச்சை இழு. அடக்கு. அசையாத."

எல்மார் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை அடக்கினான். வீர்வெ பொத்தானைத் தட்டினாள்.

உடனே கேமராவின் சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது. பத்து. பதினொன்று! மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தாள். பெண்பிள்ளை குதித்தே விட்டாள், அறுபத்தெட்டு வயதில். தங்கையை உள்ளே கொண்டுபோகுமுன் அனுப்ப வேண்டுமே என்று, நின்றவனை நின்றபடி விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எதிர்பார்த்ததைவிட நல்லபடியாக என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் ஹில்யா போனில் பேசினாள். குரல் நூல்போல வந்தது.

"பதினொண்ணும் இருந்துச்சுக்கா. எண்ணிட்டேதான் மயங்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா அந்தக் கிறுக்கன் எங்க? நிக்க வைக்கச் சொன்னேனே."

"பக்கத்துலதானடி நிக்கிறான்."

"யாரும் இல்லையேக்கா."

வீர்வெ படத்தைத் திறந்தாள். முதல்முறையாகப் பூவை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தாள். மஞ்சள் சுவர். அடியில் கல். ஒரு கிளை மட்டும் பக்கவாட்டில் வளைந்து, யாரோ பிடித்திருப்பதுபோல நின்றது. பிடித்த கை இல்லை. எல்மார் இல்லை.

"எல்மார்!" அவள் போட்ட கத்தலில் காக்கை பறந்தது.

"என்ன, வீடு பத்திக்கிச்சா?" கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். நடுக்கோடையில் பெரிய நெருப்பு மூட்டும் யான் திருநாளுக்கு விறகு சேர்க்கிற வாரம் அது. உடம்பெல்லாம் மரத்தூள். அவள் அவனைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தான். படத்தை மட்டும் காட்டவில்லை.

அடுத்த நாலு நாள் அவள் அவனைக் கண்ணில் வைத்துக் காத்தாள். கோடாலியைத் தொடவிடவில்லை. ஏணியை ஒளித்தாள். இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேமராவைத் தூக்கி, எடுக்காமலே கீழே வைத்தாள்.

"என்ன வீர்வெ, புதுப் பொண்ணு கணக்கா என்னையே பாத்துட்டு இருக்க?" என்று கண்ணடித்தான் அவன். அப்புறம் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டான். "ஒரு மாதிரியா இருக்கு. மூச்சு உள்ள போகுது, முழுசா வெளிய வரமாட்டேங்குது. புது ரொட்டிய நெறைய தின்னுட்டேன் போல."

டாக்டரிடம் போகலாம் என்று அவள் கெஞ்சினாள். திருநாள் முடியட்டும் என்றான். இருபத்திமூன்றாம் தேதி மத்தியானம் ருபார்ப் கேக்கும் காப்பியும் எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனபோது, எல்மார் வெள்ளைக்கொடிக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாய் மூடியிருந்தது. படத்துக்கு நிற்பவன் போலவே இருந்தான், அவ்வளவுதான்.

இதயம் என்றார் வந்த டாக்டர். எழுபத்தொரு வயது, விறகு வேறு, ஆச்சரியமில்லை என்றார்.

அடக்கத்துக்கு அவளே கொடியிலிருந்து பூ வெட்டினாள். பத்து. மூன்று தடவை எண்ணினாள், கையால் தொட்டு எண்ணினாள். ஹில்யாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். தனக்கு வந்த உயிர் யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீர்வெ பூக்களை எல்மாரின் கைக்கடியில் வைத்தாள். நிமிர்ந்திருந்த அந்த நெஞ்சைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. காற்று, எறும்பு, பொத்தான், பதினொன்று, ஓடிய ஓட்டம். முப்பத்தைந்து வருஷத்தில் ஒருவரிடம்கூடச் சொல்ல மறக்காததை அன்றைக்குச் சொல்லாமல் ஓடியிருந்தாள்.

குனிந்து அவன் காதருகே வாயை வைத்தாள்.

"மூச்சு விடலாம், எல்மார்" என்றாள்.

பெட்டிக்குள் பத்துப் பூவும் லேசாக அசைந்ததை ஹில்யாவும் பார்த்தாள்.