பதினோரு கண்ணிகள்

யுத்தம் முடிந்த மறுவருஷம், பட்டாளத்தார் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று எனக்குச் சொந்தமாயிற்று. நான் பட்டாளத்து டிப்போவில் மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன். ஸ்பேனர் எத்தனை, டயர் எத்தனை, செயின் எத்தனை என்று ரிஜிஸ்தரில் ஏற்றுவது என் வேலை. ஒரு ஸ்பேனரைக்கூடக் கையால் திருப்பியதில்லை. டிப்போவை மூடும்போது கொடுத்த பணத்தை அப்படியே ஏலத்தில் போட்டு வண்டியை எடுத்து வந்தேன். திருவாதவூரில் பாதிப் பேர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஊர் ஊராகப் போய் அரிசிக் கடைகளையும் நெல் இருப்பையும் பார்வையிட ஒரு ஆள் வேண்டும் என்று மதுரை ஆபீஸ் ஒன்றில் விளம்பரம் செய்திருந்தார்கள். ஒரே ஒரு வேலை. பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஓடுகிற மோட்டார் சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் கிணற்றில் கமலை இறைப்பவர். விடியுமுன் மாட்டைப் பூட்டினால் உச்சிவெயில் வரைக்கும் முன்னும் பின்னும் நடை. டிப்போவிலிருந்து வந்து நான் நாலு மாசம் வீட்டில் இருந்ததும், கிணற்றுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, “படிச்சவன் சும்மாத்தான இருக்கான், ரெண்டாவது கமலைக்கு அனுப்பு” என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம், “மதுரைக்குக் கூப்பிட்டிருக்கிறது என்னைக்கு?” என்று மட்டும் கேட்டார். அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுநாளே நான் கமலைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் குந்திச் செயினைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னடா இது, இம்புட்டுத் தொய்வாத் தொங்குது? வடம் இப்பிடிக் கெடந்தா சால் மேல ஏறுமா?”

கமலையில் அப்படித்தான். வடம் தொய்ந்தால் தண்ணீர்ச் சால் மேலே வராது, மாட்டின் உழைப்பெல்லாம் வீண். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அப்பா பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, நான் நட்டை முடுக்கினேன். “இன்னும் இழுக்கவா?” “இன்னுங் கொஞ்சம்ப்பா.” கடைசியில் செயினைச் சுண்டினால் டங் என்றது. அப்பாவுக்குத் திருப்தி. எனக்கும்தான்.

மறுநாள் காலை ஒத்தக்கடை தாண்டியதும் அந்தச் செயின் அறுந்தது. அறுந்த முனை பல்சக்கரத்துக்குள் சுற்றிக்கொண்டு, பின் சக்கரம் இறுகி, நானும் வண்டியும் புளியமரத்தடி மண்ணில் சாய்ந்தோம். முழங்கையில் தோல் வழன்றது. வேறு சேதம் இல்லை. செயின்தான் கொத்தாக நொறுங்கியிருந்தது. ஆபீசில் பதினொரு மணிக்கு இருக்க வேண்டும்.

மதுரைப் பக்கம் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குள் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வண்டி நின்றுபோனால் ஹேண்டில்பாரில் துண்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். அந்த வழியாக வருகிற வண்டிக்காரர் கட்டாயம் நிற்பார். யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார். கூலி என்ற பேச்சே கிடையாது. ஒன்றே ஒன்று, ஸ்பேனர் வண்டிக்குச் சொந்தக்காரன் கையில்தான் இருக்க வேண்டும். வந்தவர் சொல்லிக் கொடுப்பார், பிடித்துக்கொள்வார், திட்டுவார். திருப்புவது உன் வேலை. ஏலம் எடுத்த அன்று ஒருவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் துண்டைக் கட்டினேன்.

கால் மணி நேரத்தில் ஒரு பாய் வந்து நின்றார். யுத்தத்தில் தபால் சுமந்து பர்மா எல்லை வரை வண்டி ஓட்டியவர். இப்போது தோல் மண்டிக்காக மேலூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவர் பேசியது செயினோடுதான். அதைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இதை இழுத்துக் கட்டினது யாரு?”

“நாங்கதான் பாய். நானும் எங்கப்பாவும்.”

“ரெண்டு பேரா? இம்புட்டுக் கெடுக்க ஒருத்தர் போதுமே.” பிறகு ஆட்காட்டி விரலை என் முன்னால் நீட்டினார். “இந்த ஒரு விரல் தொய்வு வேணும் தம்பி. ஓடுற செயினுக்கு மூச்சு விட எடம் வேணும். எங்க போகணும் இப்ப?”

சொன்னேன். அவருடைய வண்டி வேறு ரகம், அந்தச் செயின் எனக்குப் பொருந்தாது. “ஜல்தி, கயித்தக் கட்டு” என்றார். தோல் கட்டுகிற கயிற்றில் என் வண்டியைப் பிணைத்து ஆபீஸ் வாசல் வரைக்கும் இழுத்துவந்தார். விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

வாசலில் டவாலிச் சேவகர், “வண்டி யாருது?” என்றார்.

“என்னுது.”

“முதலாளி எங்கன்னு கேட்டேன்.”

“நான்தான்.”

என் சட்டையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டியலில் என் பேருக்கு நேரே வந்ததாகக் கோடு போட்டார். வண்டியோடு வந்தவர்கள் ஐந்து பேர். நான் மூன்றாவது.

ஐந்தாவது ஆள் பரவையிலிருந்து வந்தவர். நாலு ஏர் வைத்திருந்த குடும்பம். அப்படிப்பட்ட வீடுகளில் எங்கப்பா களத்தைத் தாண்டி ஒருநாளும் உள்ளே போனதில்லை. அவருடைய வண்டியும் என்னுடையதைப் போலவே பட்டாளத்துக் கழிவு. பாய் கையிலிருந்த செயினைப் பார்த்ததும் வந்து வாங்கி எண்ணினார்.

“பதினோரு கண்ணி போச்சு. இத இங்க ஒண்ணும் பண்ண முடியாது.” என்னைப் பார்த்தார். “நீ எத்தனாவது?”

“மூணாவதுண்ணே.”

“நான் கடைசி.” மீசையைக் கொஞ்ச நேரம் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு வெள்ளைச் சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தன் வண்டியின் செயினைக் கழற்ற உட்கார்ந்தார்.

“என்னண்ணே செய்யிறீங்க?”

“ரெண்டும் ஒரே தொழுவத்து மாடு. அளவு ஒண்ணுதான். நீ ஓட்டிக் காட்டிட்டு வா. நாலாவது ஆளு உள்ள இருக்கையில கழட்டி எனக்கு மாட்டிக்கிறேன்.”

“இருக்கிறது ஒரே வேலைண்ணே.”

“எனக்கும் எண்ணத் தெரியும். வண்டி நிக்குதா இல்லையா? ஸ்பேனரப் பிடி.”

பாய் சொல்லச் சொல்ல மாட்டினேன். முடுக்கும்போது இருவரும் ஒரே குரலில், “போதும், போதும்” என்றார்கள்.

முதல் இரண்டு பேரை அதிகாரி வெளிக்கேட்டு வரைக்கும் ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். என்னையும் அப்படித்தான் செய்வார் என்று நம்பிப் போனேன். அவர் என் சர்டிபிகேட்டைப் பார்த்தார், சன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார். “பழங்காநத்தம் அரிசிக் கடையில் இருப்புப் பலகை மாட்டியிருக்கும். அதில் உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு வாரும்” என்றார்.

அங்கே போய் வருவதற்குள் ஐந்தாவது பேரைக் கூப்பிட்டுவிடலாம். வெளியே வந்து பரவைக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. “போ. விரசா வா” என்றார்.

போகும்போது தடங்கல் இல்லை. கடைப் பலகையை வரி விடாமல் எழுதிக்கொண்டேன். திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகள், ஜட்காக்கள். கூட்ஸ் எப்போது வரும் என்று கேட்டேன். “இன்னும் திருப்பரங்குன்றத்தையே விடலையாம்” என்றார் கேட்காரர்.

வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். நாலாவது ஆள் இந்நேரம் உள்ளே போயிருப்பார். அவரும் வெளியே வந்துவிட்டால் பரவைக்காரரைக் கூப்பிடுவார்கள். செயின் இல்லாத வண்டியோடு அவர் என்ன செய்வார்? கேட் மூடியிருந்தது என்று நான் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பொய்யும் இல்லை. நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், ஒரு ஆள் குறைந்துவிடுவார். இப்படி நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நினைத்தது கொஞ்ச நேரமும் அல்ல. ஒரு மாடு அசைபோட்டு முடித்து மறுபடி தொடங்கியது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இறங்கினேன். கேட்டின் பக்கவாட்டில் ஆள் நுழைகிற சந்து ஒன்று இருந்தது. பக்கத்து ஜட்காக்காரரிடம், “அண்ணே, ஒரு கை பிடிங்க, இத அந்தப் பக்கம் தள்ளணும்” என்றேன்.

“இதையா? அங்க கலெக்டர் காத்திருக்காரோ?”

“கலெக்டர் இல்லண்ணே. செயினுக்குச் சொந்தக்காரர்.”

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் இறங்கினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஹேண்டில்பாரை முறுக்கி, பின்னாலே தூக்கி, தண்டவாளத்தின் மேல் உருட்டி அடுத்த பக்கம் சேர்த்தோம். கேட்காரர் என் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டினார். முழுக்கக் கேட்க எனக்கு நேரம் இல்லை.

ஆபீஸ் வந்து சேர்ந்தபோது ஐந்தாவது பேரை ஒரு தடவை கூப்பிட்டாகிவிட்டது. பாய் சேவகரிடம், “வயிறு சரியில்ல, வந்துருவாரு” என்று சொல்லித் தடுத்து வைத்திருந்தார். செயின் கொதித்தது. நான் வெறுங்கையால் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்டேன். “துணியால பிடிறா” என்று பரவைக்காரர் அதட்டினார். கேட்டில் நடந்ததை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன், நான் உட்கார்ந்து யோசித்ததையும் சேர்த்து. அவர் குனிந்தபடி செயினை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது கையெல்லாம் செயின் மசியோடு எழுந்து போனார். போய் ஒழுங்காக ஓட்டியும் காட்டினார்.

நான் இருப்புக் கணக்கைக் கொடுக்க உள்ளே போனேன். அதிகாரி வாங்கி வைத்துவிட்டு மறுபடி சன்னலைப் பார்த்தார்.

“உம்முடைய வண்டிக்குச் செயின் எங்கே?”

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே காரியம் கெட்டது என்று தெரிந்தது. அவர் பரவைக்காரரையும் உள்ளே கூப்பிட்டார்.

“நீரும் இதே வேலைக்குத்தானே மனு போட்டீர்? இவருக்கு ஏன் செயினைக் கொடுத்தீர்?”

“அவரு வண்டி நின்னு போச்சு சார்.”

 அதிகாரி இருவரையும் வெளியே அனுப்பினார்.

மத்தியானம் கதவில் காகிதம் ஒட்டினார்கள். பத்தாவதில் மார்க்கு கூடுதல் என்பதால் முதலில் என் பேர், இரண்டாவது பரவைக்காரர் பேர். என் பேருக்குக் கீழே ஒரு குறிப்பு: எட்டு நாளில் ஓடுகிற நிலையில் சொந்த வண்டியோடு ஆஜராக வேண்டும், தவறினால் வேலை இரண்டாவது ஆளுக்கு.

மதுரையில் செயின் விற்கிற கடை ஒன்றுகூட அப்போது இல்லை. மதராசுக்கு எழுதினாலும் மாசக் கணக்காகும். இது பரவைக்காரருக்கும் தெரியும். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“பதினொண்ணுதான வேணும்? பழைய செயின் ஒண்ணு வீட்டுல கெடக்கு. நாலு கண்ணி தேறும். நாளைக்குப் பாய் வீட்டுக்கு வாரேன்.”

“எட்டு நாள் நீங்க பேசாம இருந்தா வேலை உங்களுக்குண்ணே.”

“நீ அந்தக் கேட்டுலயே உக்காந்திருந்தா, நானும் வீட்டுலயே உக்காந்திருப்பேன்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பாய் என் வண்டியைத் தன் வீட்டு முற்றத்துக்கு இழுத்துப்போய், யுத்த நாளில் எடுத்துவைத்த பட்டாளத்துச் செயின் துண்டிலிருந்து மூன்று கண்ணி கொடுத்தார். ஒரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் பழைய செயின் துண்டு இருப்பதாக அவரே சொல்லி அனுப்பினார். அந்தக் கம்பவுண்டரை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. “நின்னுபோச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் நாலு கண்ணியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஆக ஏழு. பரவைக்காரர் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பாய் வீட்டு முற்றத்தில் காத்திருந்து காத்திருந்து, இனி வர மாட்டார் என்றே முடிவு செய்தேன். அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தால் அந்த முதல் செயினையே கழற்றியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் வந்தார். தலையெல்லாம் வைக்கோல் தூசி.

“வீட்டுல ரகளை. எங்கய்யா பழைய செயினக் கொண்டுபோய் வைக்கப்போருக்குள்ள ஒளிச்சுட்டாரு. தேடி எடுக்க மூணு நாளாச்சு.”

“இப்ப அய்யா என்ன சொல்றாரு?” என்று பாய் கேட்டார்.

“போரு கலைஞ்சதுக்கு இன்னும் திட்டிக்கிட்டு இருக்காரு.”

இரும்புத் துண்டு ஒன்றின் மேல் வைத்து, ஆணி அடித்து ஒவ்வொரு கண்ணியாகக் கோத்தேன். முதல் நாள் இரண்டு ஆணி வளைந்தது. மறுநாள் கோத்த இடம் மடங்காமல் விறைத்து நின்றது. பிரித்து மறுபடி கோத்தேன். சுத்தியலை அவர்கள் யாரும் வாங்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. ஏழாம் நாள் வண்டியைப் பரவைச் சந்தை வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினேன். செயின் தாங்கியது.

எட்டாம் நாள் அதிகாரி தானே வாசலுக்கு வந்தார். குனிந்து பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். சில கண்ணிகள் கறுப்பு, சில துருப்பழுப்பு, நாலு மட்டும் பளபளப்பு.

“இது எத்தனை பேருடைய செயின்?”

“நாலு பேருது சார், என்னையும் சேர்த்து. வண்டி என்னுது.”

அவர் உள்ளே போய் உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று முற்பகலே வேலையில் சேர வேண்டும், முதலில் பார்க்க வேண்டியது சோழவந்தான் பக்கத்து நெல் கிடங்கு என்று எழுதியிருந்தது. மணி பத்தேகால். உத்தரவைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வண்டியை உதைத்தேன்.