தொலைஞ்ச அக்கா

"கடைசியா அதைப் பாத்தப்போ என்ன கலர் சட்டை போட்டிருந்தீங்க?"

கேட்டுவிட்டு அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஸ்டேப்ளருக்குள் பின் வரிசையை நுழைத்துக்கொண்டோ, முத்திரையின் ஓரத்தில் கட்டிப்போன மையைத் துணியால் துடைத்துக்கொண்டோ பதிலுக்குக் காத்திருப்பார். எதிரே நிற்பவர் கண்ணை மேலே உருட்டி யோசிப்பார். சட்டை ஞாபகம் வந்தால் அதன் பை ஞாபகம் வரும். பை ஞாபகம் வந்ததும் முகம் மாறும். "ஒரே நிமிஷம் மேடம்" என்று வெளியே ஓடி வீட்டுக்கு போன் போடுவார். அக்கா அடுத்த டோக்கனை அழைத்துவிடுவார்.

பாஸ்போர்ட் அலுவலகத்தின் ஏழாவது கவுன்ட்டர், தொலைத்தவர்களுக்கானது. பதினோரு வருடமாக அங்கேயே உட்கார்ந்திருப்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு 'தொலைஞ்ச அக்கா' என்றுதான் பெயர். மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் முதல் நாளே, "அந்தத் தொலைஞ்ச அக்கா எங்கே?" என்று விசாரிக்க, "இங்கதான் சார் இருக்கேன், செருப்பைத் தேடுறேன்" என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்ததாம்.

அவருடைய டைரியின் கடைசிப் பக்கங்களில், தொலைந்தவை கிடைத்த இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. தலையணை உறைக்குள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்து. பத்திரமாக இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்து, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப்போனது ஒன்று. அதற்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. "பத்திரமா வெச்சேன்னு சொல்றவங்களைத்தான் நம்பவே கூடாது" என்பார். "அலட்சியமா வெச்சவங்களுக்கு ரெண்டு நாள்ல கிடைச்சிடும். பத்திரக்காரங்கதான் புதுசே வாங்கணும்."

அவர் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். தினமும் காலையில் மூக்குக்கண்ணாடியைத் தொலைப்பவர். ஆனால் வாய் திறந்து கேட்கமாட்டார். கேட்டால், "போலீஸ்ல எழுதிக் குடுத்து நகலோட வாங்க" என்று பதில் வரும். அதனால் சத்தமில்லாமல் வீடு முழுவதும் தடவிக்கொண்டே நடப்பார். அக்கா மாவு பிசைந்த கையோடு வந்து, அவர் தலைமேல் இருக்கும் கண்ணாடியை ஒற்றை விரலால் மூக்குக்குத் தள்ளிவிட்டுப் போவார்.

அன்றைக்கு ஏழாவது கவுன்ட்டருக்கு இருவர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வாட்டசாட்டமான ஆள். கையில் பெரிய ஃபைல், நெற்றிக்கு மேலே கறுப்புக் கண்ணாடி. பின்னால் வந்தவன் முப்பதைத் தொடாத ஒடிசலான இளைஞன். கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு ரெக்ஸின் பையை நெஞ்சோடு அணைத்திருந்தான்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் மேடம். பஸ்ல பாஸ்போர்ட்டைத் தொலைச்சிட்டார். நான் இருக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிலேயே வேலை வாங்கியிருக்கேன், இருபது நாள்ல ஃப்ளைட் ஏறணும். அர்ஜென்ட்ல போட்டுக் குடுங்க" என்று மூச்சுவிடாமல் சொன்னார் முன்னால் வந்தவர். புகைப்படம் ஒன்று குறைந்தது. "மாப்ள, இங்கயே இரு, நான் பிரிண்ட் போட்டுட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கிப் போனார்.

மச்சானின் தலை மறைந்ததும் இளைஞன் கண்ணாடித் தடுப்புக்குக் கிட்டே குனிந்தான். "இது முடிய ரொம்ப நாளாகுமா மேடம்?"

"அர்ஜென்ட்ல போட்டா ஒரு வாரம்."

"அவ்ளோ சீக்கிரமாவா?" அவன் முகம் விழுந்துவிட்டது. "சாதாரணமா போட்டா? ஏதாவது இழுத்துக்கிட்டுப் போச்சுன்னா?"

பதினோரு வருடத்தில் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், மந்திரி சொந்தக்காரர் என்று மிரட்டியிருக்கிறார்கள். இழுக்குமா என்று ஆசையாகக் கேட்டவன் இவன் ஒருவன்தான். அக்கா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசியா பாத்தப்போ என்ன கலர் சட்டை?"

"இதான் மேடம்" என்றான் யோசிக்காமல், போட்டிருந்த நீலச் சட்டையைத் தொட்டுக் காட்டி. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "இதே மாதிரி... இன்னொண்ணு."

அக்கா மனுவைப் புரட்டினார். அவர் மேஜைமேல் இருந்த காற்றாடி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இளைஞனுக்கு இருப்புக்கொள்ளவில்லை; தலையைச் சாய்த்து அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"புஷ் தேஞ்சிருக்கு மேடம். முன் ஸ்க்ரூவும் லூசு. இப்படியே ஓடுச்சுன்னா மோட்டார் காயில் எரிஞ்சிடும்."

"அப்படியா? என்னத்தைப் பண்றது, இங்க ஒரு ஸ்க்ரூட்ரைவர்கூடக் கிடையாது" என்றார் அக்கா. வெள்ளந்தியாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்பதை இன்றுவரை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

"என்கிட்ட இருக்கே!"

அவ்வளவு நேரம் அணைத்துப் பிடித்திருந்த பை ஒரே இழுப்பில் திறந்தது. குறடு, டெஸ்டர், ஒயர் சுருள், அவற்றுக்கு நடுவே பொன்னெழுத்து மின்ன ஒரு சின்னப் புத்தகம். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஆகிவிட்டது. இவனோ திருடனுமில்லை, திருதிருவென்று விழித்தான்.

"அதை எடுத்து இங்க வை. ஸ்க்ரூட்ரைவரையும் எடு" என்றார் அக்கா, காற்றாடியை நிறுத்தி, தடுப்பின் ஓரமாக அவன் பக்கம் நகர்த்தி வைத்து. 'நீங்க' தொலைந்து 'நீ' வந்துவிட்டது. "ஃபேனைப் பாத்துக்கிட்டே பேசு. எதுக்கு இந்தக் கூத்து?"

கைக்கு வேலை கிடைத்ததும் வாய் தானாகத் திறந்தது. மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் கடை அவனுடையது. ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அகலம். போன மாதம்தான் பெயர்ப் பலகை மாட்டினான். "மச்சான் நல்லவர்தான் மேடம். 'ஸ்க்ரூ திருப்பற வேலையெல்லாம் ஒரு வேலையா'ன்னு அவரே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டார். அவளுக்கும் நான் போறதுல இஷ்டமில்ல. ஆனா அண்ணன் முன்னாடி அவ தண்ணிகூட சத்தம் போட்டுக் குடிக்கமாட்டா."

"நீ?"

"நானும்தான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது; உதட்டை மடித்து அடக்கினார். "இங்க பாரு. இந்தப் பட்டனை அமுக்கினேன்னா உன் பாஸ்போர்ட் செத்துப்போச்சு. அப்புறம் கிடைச்சாலும் வெறும் காகிதம்தான். பொய்யா எழுதிக் குடுத்ததுக்கு உன்மேல கேஸும் வரும். ஒரு நாள் உன் பொண்டாட்டியோட நாலு ஊரு பாக்கணும்னு உனக்கே ஆசை வரும். மச்சானுக்குப் பயந்துகிட்டு இதை எதுக்குக் கொல்றே? தொலைஞ்சதுக்கு எங்கிட்ட ஃபாரம் இருக்கு. 'வரமாட்டேன்'கிறதுக்கு ஃபாரம் கிடையாது தம்பி. வாயாலதான் சொல்லணும்."

காற்றாடியின் சத்தம் நின்று, காற்று மட்டும் வந்தது. மச்சானும் வந்தார், கையில் ஈரம் காயாத புகைப்படங்களோடு. "முடிஞ்சுதா மேடம்?"

"அவரைக் கேளுங்க" என்று அக்கா ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டார்.

இளைஞன் ஸ்க்ரூட்ரைவரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "மச்சான்... அது தொலையல. என்கிட்டதான் இருக்கு. நான் வரல மச்சான்."

வரிசையில் நின்றவர்கள் டோக்கனை மறந்துவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் கத்துவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் புகைப்படங்களைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வாசலை நோக்கி நடந்துவிட்டார். அது கத்தலைவிட மோசமாக இருந்தது. "மச்சான், மச்சான்" என்று இவன் பையை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். பாஸ்போர்ட் கவுன்ட்டரின்மேல் கிடந்தது.

"கடவுளே, இப்ப நெஜமாவே தொலைச்சிட்டான்" என்றார் அக்கா. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன் நாற்காலியை விட்டு எழுந்து பழக்கமில்லாதவர், எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார்.

வாசல் கேட்டுக்கு அருகே இருவரும் நின்றிருந்தார்கள். மச்சான் கறுப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கிக் கண்ணை மறைத்திருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாப்ள? நான் என்ன புலியா, சிங்கமா?"

"திட்டுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனா? உனக்காக அங்க என் ரூம்லயே ஒரு கட்டில்கூடப் பேசி வெச்சிருந்தேன்டா."

அவன் தலை குனிந்தான். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அக்கா வெறுங்காலோடு இருவருக்கும் நடுவில் போய் நின்றார். பாஸ்போர்ட்டை இளைஞனின் சட்டைப் பைக்குள் செருகி, பையின் பொத்தானைப் போட்டுவிட்டார்.