இரண்டு தடவை நிறுத்திய காந்திமதி

இல்லை, காந்திமதியை யாரும் துரத்தவில்லை. மெஷினை நிறுத்தினாள் என்கிறீர்களா, நிறுத்தினாள்தான். ஒரு தடவை இல்லை, ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை. அதில் மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் வேலை போயிற்று என்று சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போகிறவர்கள்கூடப் பேசிக்கொள்கிறார்களே, அதுதான் பொய். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

பேச்சைக் கிளப்பியது கீழ்வீட்டுப் பச்சையம்மா. காந்திமதி மேல் அவளுக்கு இரண்டு வருஷமாகவே ஒரு கண். "புருசன் ஓசூர்ல கீறான், பொண்ணும் அவனாண்ட கீது. நீ மட்டும் இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீற?" என்று மாடிப்படியில் மறித்துக் கேட்பாள்.

"மெஷினை விட்டுட்டுப் போக முடியாதுக்கா."

"மெஷினா? ஏன், அதுக்கு இன்னா நீ பாலா குடுக்குற?"

சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் லக்ஷ்மிநாராயணன் சாருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேப். பொழிச்சலூரிலும் வண்டலூரிலும் கிளை உண்டு. எங்கே ஊசி குத்தினாலும் ரிப்போர்ட் போய்ச் சேருவது தாம்பரத்து ஏசி அறையில் இருக்கிற சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு; கிளைகளில் அச்சாவதும் அங்கிருந்து வருவதுதான். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்வதுதான் காந்திமதியின் வேலை. அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற சாஃப்ட்வேர். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்; உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம். சாருக்குப் பிடித்தது காசு வேண்டாம் என்பது. காந்திமதிக்குப் பிடித்தது மற்றது.

ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த மெஷின் நிற்கவே இல்லை. கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி இறங்குவதற்குள் ஜெனரேட்டர். ஆரம்பத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போகப் போக அந்தப் பெருமையே பயமாக மாறியது. ஓடுகிற மெஷினில் இன்றைக்கு ஒரு கட்டளை, அடுத்த மாசம் இன்னொன்று என்று கையால் அடித்து அடித்தே வேலையை ஓட்டியிருக்கிறாள். அப்படி அடித்ததெல்லாம் மெஷின் நிற்கிற வரைக்கும்தான் செல்லும். மறுபடி கிளம்பும்போது இன்னதைச் செய் என்று அதற்குள்ளேயே எழுதி வைத்தால்தான் அதற்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதி வைத்தோமா? அவளுக்கே நிச்சயமில்லை. நின்றுவிட்டால் எழுப்ப அவள் வேண்டும். அதற்காகத்தான் காந்திமதி இங்கே குந்தியிருந்தாள், கேட்டுக்கொள் பச்சையம்மா.

தீபாவளிக்கு ஓசூர் போனபோதும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முறுக்குத் தின்றாள். மகள் அனுப்பிரியா அதை மூடினாள். "இங்க வந்தும் நீ அங்கதான் இருக்க. அப்ப அங்கேயே இரும்மா." புருஷன் சிவகுமார் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது அவளை இன்னும் குத்தியது.

ஊர் திரும்பியதும் நேராக சாரிடம் போய், இன்னொரு ஆளைப் போடுங்கள் என்றாள். டேனியல் வந்தார். அவள் வயதுதான், வேறு இடத்தில் சர்வர் பார்த்துப் பழகியவர். இருவருமாகத் தெரிந்ததையெல்லாம் எழுதி வைத்தார்கள். எழுதியது சரிதானா என்று தெரிய ஒரே வழிதான்: நிறுத்திப் பார்ப்பது. தானாக எழுந்தால் அவள் ஓசூர் போகலாம். எழாவிட்டால் இங்கேயேதான்.

ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நிறுத்தினார்கள். கீபோர்டில் டேனியல். அவள் தொடக் கூடாது என்று ஒப்பந்தம். துப்பட்டா நுனியில் இரண்டு கையையும் சுற்றிக்கொண்டு நின்றாள். திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது.

"எழுந்திருக்கலையே மேடம்!" என்றார் டேனியல்.

"டிஸ்க்கைச் சோதிக்குது. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டாமா?" என்றாள்.

எழுந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பொழிச்சலூர்க் கிளையைப் பார்த்துக்கொள்கிற தீபா சாருக்குப் போன் போட்டாள்: "சார், பழைய ரிப்போர்ட் ஒண்ணுகூட இல்ல! எல்லாம் காலியா காட்டுது!"

லக்ஷ்மிநாராயணன் சார் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். காந்திமதிக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இடம் போதாமல் புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்தவள், அதைக் கையால் இணைத்ததோடு சரி, எழுதி வைக்க மறந்திருக்கிறாள். ரிப்போர்ட் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது மெஷினுக்குத்தான் தெரியவில்லை. சொல்லி முடிக்க ஒரு நொடி ஆகாது. சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டேனியல் தேடினார், தலையைச் சொறிந்தார், மறுபடி தேடினார். "மேடம், இங்க ஒரு டிஸ்க் சும்மா உட்கார்ந்திருக்கு. கையால சேர்த்தீங்களா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் ஓசூர் போனப்புறம் யார் சொல்லுவா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வரியை எழுதி, டிஸ்க்கை இணைத்தார். ரிப்போர்ட் எல்லாம் வந்துவிட்டது. சார் நாற்காலியில் சாய்ந்தார். "போதும்மா, வீட்டுக்குப் போங்க."

"இன்னொரு தடவை நிறுத்தணும் சார்."

"ஓடுறதை ஏம்மா திரும்ப நிறுத்தணும்? உங்களுக்கு என்ன வேண்டுதலா?"

"இப்ப டேனியல் கை கொடுத்து எழுந்தது சார். தானா எழுந்து நான் இன்னும் பார்க்கல."

பச்சையம்மாவின் தம்பி அந்த நேரம் பொழிச்சலூரில் சர்க்கரை ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தான். 'லேடி ரெண்டு தபா ஆஃப் பண்ணிச்சாம், ஓனர் காட்டுக் கத்து கத்துனாராம்' என்று அவன் வந்து சொன்னதுதான் தெருவெல்லாம் சுற்றுகிறது. அதற்கப்புறம் நடந்ததை அவன் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை யாரும் எதையும் தொடவில்லை. மெஷின் தானாக எழுந்து, தானாக டிஸ்க்கைச் சேர்த்துக்கொண்டு, கேட்பதற்கு முன்னாலேயே பொழிச்சலூருக்கு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டது. காந்திமதி அப்படியே ஏசி அறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டேனியல் போய் டீ வாங்கி வந்தார். சாரும் குடித்தார்.

மாசக் கடைசியில் அவளாகவே வேலையை விட்டு, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாள். தன் எதிரிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள். பழையதை அடித்துப் பார்த்தாள், உள்ளே விடவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை அடித்தாள். விடவே இல்லை. "நல்லா பூட்டியிருக்கீங்க டேனியல்" என்று கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலுக்கு வரும்போது அனுப்பிரியா போனில் கூப்பிட்டாள். "லேப்டாப்பும் வருதாம்மா?"

"இல்லடி, நான் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே வந்தாள்.