கோகிலவாணி வாசித்துச் சொன்ன கடிதம்

ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பு வைக்கும் ஆதிமூலத்தின் மகள் கோகிலவாணி, பன்னிரண்டாம் வகுப்பில் பிரெஞ்சுப் பாடத்தில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று வாங்கியவள். தமிழ் எடுத்திருந்தால் நூற்று எழுபதைத் தாண்டியிருக்க மாட்டாள். அவள் படித்த தனியார் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அதற்காகத்தான் பிரெஞ்சு எடுத்தார்கள். மொத்த மதிப்பெண் ஏறும், ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசலில் கட்டும் பேனரில் முகம் வரும். பத்து மாதிரிக் கடிதம், எட்டு உரையாடல், வினைச்சொல் அட்டவணை நான்கு பக்கம். நெட்டுரு போட்டால் வேலை முடிந்தது. பிரெஞ்சில் யாரிடமும் ஒரு வாக்கியம் பேசாமலே அவள் பள்ளியை விட்டு வெளியே வந்தாள்.

ஆதிமூலத்துக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. மணலூர்பேட்டை டீக்கடை வரைக்கும் அவர் சொல்லி வைத்திருந்தது ஒன்றே ஒன்று: "எம் பொண்ணு பிரெஞ்சு படிக்கும், பேசும், எழுதும்." கோகிலவாணி மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. கல்லூரி முடித்துக் கள்ளக்குறிச்சியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் என்று ஊரார் கொண்டுவரும் காகிதங்களையெல்லாம் படித்துச் சொல்வதுதான் நாள் முழுக்க வேலை. காகிதத்தை நீட்டியவர்களிடம் தெரியாது என்று சொல்லும் வழக்கமே அவளுக்கு இல்லாமல் போயிற்று.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆனி மாதத்தில் பாவாடையும் செல்லியம்மாளும் ஒரு காலை கோகிலவாணி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஆதிமூலத்தின் நிலத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள். அவர்களுடைய ஒரே மகன் ஆகாஷ், போர்வெல் போடும் வண்டியில் வேலைக்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருந்தான். புர்கினா ஃபாசோ என்கிற அந்த நாட்டின் பெயர் பாவாடைக்கு வாயில் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனான். உடல் வரவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவனை அனுப்பிவைத்த ஏஜெண்டு, முந்தின நாள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். இரண்டு சட்டை, ஒரு பெல்ட், ஒரு கடிதம்.

"பிரெஞ்சுல கீதுன்னு சொன்னாருங்க அந்த ஏஜெண்டு," என்றார் பாவாடை. "பாப்பா படிக்குமேன்னு எடுத்தாந்தோம்."

"ஒக்காரு பாவாட. தோ, படிச்சிச் சொல்லும்," என்றார் ஆதிமூலம், நாற்காலியை நகர்த்திப் போட்டபடி.

கடிதம் நீல மையில், கூட்டெழுத்தில், தாளின் இரு பக்கமும் நிறைய எழுதியிருந்தது. கோகிலவாணிக்குத் தேதி புரிந்தது. ஐயா, அம்மா என்று விளித்திருப்பது புரிந்தது. ஆஸ்பத்திரி என்ற சொல் புரிந்தது. மற்றதெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிய நூல். நிமிர்ந்து பார்த்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி இலக்கியா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லியம்மாள் கடிதத்தைப் பார்க்கவில்லை, இவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

"கஷ்டப்பட்டானாமா பாப்பா?"

"இல்ல," என்றாள் கோகிலவாணி. "தூக்கத்துலயே போயிட்டாராம். டாக்டருங்க நல்லா பாத்துக்கினாங்களாம்."

"வேற இன்னா எழுதிக்கீது?"

"வேற ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில குடுக்கற பேப்பருதான்."

செல்லியம்மாள் கடிதத்தை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கு முன், இன்னொரு தரம் நிதானமாகப் பார்க்கிறேன் என்று சொல்லி கோகிலவாணி இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்திருந்தாள்.

தூக்கத்துலயே போயிட்டாராம் என்றது பாவமில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்படியே இருக்கட்டும். வேற ஒண்ணுமில்ல என்று ஏன் சொன்னோம் என்பதைத்தான் அவளால் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த வாரமே, புரிந்த எழுத்துகளைப் போனில் தட்டி மொழிபெயர்க்கப் பார்த்தாள். பாதி எழுத்தே புரியாததால் போன் ஏதேதோ உளறியது. பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போனால் படித்துச் சொல்ல ஆளா இல்லை? ஆனால் அங்கே ஒருவர் படித்து, நீ சொன்னது ஒன்றுகூட இதில் இல்லையே என்று சொல்லிவிட்டால்? பாண்டிச்சேரிக்கு அவள் போகவில்லை. தானே கற்றுக்கொண்டு தானே படித்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆறு மாதம் போதும் என்று நினைத்தாள்.

கள்ளக்குறிச்சிக்குப் போக வர தினமும் இரண்டு மணி நேரம் பஸ். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். வணக்கம், நலமா, என் பெயர் இன்னது, எனக்கு ஒரு காபி வேண்டும். நூற்றுத் தொண்ணூற்று மூன்று வாங்கியவளுக்கு அதுவே மூச்சு முட்டியது. பள்ளியில் படித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கரும்புத் தோட்டத்து வரப்பில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள்.

"யாராண்ட பேசிக்கினு கீற, கரும்பாண்டயா?" என்று கேட்பாள் இலக்கியா. பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பாண்டிச்சேரி மாப்பிள்ளைக்குத்தான் இத்தனை ஏற்பாடு என்று அவள் தெருவில் கிளப்பிவிட்ட பேச்சு, உண்மையாகவே இரண்டு ஜாதகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கோகிலவாணி இரண்டையும் தட்டிக் கழித்தாள்.

ஆறு மாதம் ஒரு வருஷமாயிற்று. எளிய வாக்கியம் பேச வந்தது, கடிதம் மட்டும் திறக்கவில்லை. முதல் பக்கத்தில் "உங்கள் மகன்" என்பது தெரிந்தது, "பதினோரு நாள்" என்பது தெரிந்தது, அதற்கு மேல் சுவர். அவள் படித்த விதம் அப்படி. ஒவ்வொரு பாடத்தையும் பரீட்சைக்குப் போகிறவளைப் போல உருப்போட்டாள். மாதிரியில் இருந்த வாக்கியம் வந்தால் பாய்வாள், ஒரு சொல் மாறி வந்தால் நின்றுவிடுவாள். இரண்டு வருஷம் அதே இடத்தில் நின்றாள். நடுவில் கொரோனா வந்து போனது.

அந்த இரண்டு வருஷமும் அவளைக் கண்டபோதெல்லாம் செல்லியம்மாள் நின்று பேசினாள். கரும்பு வெட்டில் பக்கத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம், "தூக்கத்துலயே போயிடுச்சிமா எம் புள்ள, பாப்பா படிச்சி சொல்லிச்சி," என்று சொல்வாளாம். பிறகு பாவாடைக்குக் கரியாலூர் பக்கம் ஒருவரின் மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, இருவரும் மலைமேல் குடிபோய்விட்டார்கள். கோகிலவாணிக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கூசும்.

உருப்போடுவதை விட்ட பிறகுதான் மொழி நகர்ந்தது. நிதானமாக வாசிக்கும் செய்தி ஒலிபரப்பு ஒன்றைப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தினம் கேட்டாள். சின்னப் பிள்ளைகளுக்கான கதை ஒன்றையே இருபது தடவை படித்தாள். கோடு போட்ட நோட்டில் தினம் ஐந்து வரி எழுதினாள்: இன்று மழை, அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றினார், சர்வர் வேலை செய்யவில்லை, கூட்டம் என்னைத் திட்டியது. தப்பும் தவறுமாக இருந்தாலும் அவள் சொந்த வாக்கியம். பிரெஞ்சு பேசும் நாட்டுப் பள்ளிகளில் கூட்டெழுத்தை எப்படிச் சுழிக்கிறார்கள் என்று படங்களைப் பார்த்து, கடிதத்தின் வரிகளைத் தானும் சுழித்துச் சுழித்து எழுதினாள். கை பழகியதும் கண்ணுக்கு எழுத்து பிரிந்தது. மாதத்துக்கு மூன்று வரி, நான்கு வரி. இரண்டாயிரத்து இருபத்து நான்கு தை மாதத்தில், மையத்தில் கரண்டு போன ஒரு பிற்பகலில், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தடங்கலில்லாமல் படித்து முடித்தாள்.

எழுதியவள் அமினாத்தா என்றொரு நர்ஸ். உங்கள் மகன் பதினோரு நாள் எங்கள் வார்டில் இருந்தார், மலேரியா, மிகவும் வேதனைப்பட்டார், அதை மறைக்க எனக்கு மனமில்லை என்று எழுதியிருந்தாள். அவர் பேசிய மொழி இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆறாம் நாள் என் போனைக் கையால் காட்டிக் கேட்டார். பதிவு செய்யும்படி வைத்தேன். நான்கு நிமிடம் பேசினார், ஓர் இடத்தில் சிரித்தார். உங்களுக்காகத்தான் பேசினார் என்று நினைக்கிறேன். எப்படி அனுப்புவதென்று தெரியவில்லை. கீழே என் எண் இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள். அதுவரை அழிக்க மாட்டேன்.

கோகிலவாணி போனைக் கவிழ்த்து வைத்தாள். எதிரே ஒருவர் ஓய்வூதிய விண்ணப்பத்துடன் கரண்டு வரக் காத்திருந்தார். தலைவலியா என்று கேட்டார்.

அந்த எண்ணுக்கு எட்டு வரி எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அகராதி இல்லாமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில் படித்த முதல் பிரெஞ்சுச் செய்தி அதுதான். இரண்டு வருஷம் அந்தப் போனைப் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு அது உயிர்விட்டது, கடைக்காரர் ஒன்றும் மீட்க முடியாது என்றார். உங்களிடமிருந்து எழுத்து வரவில்லை, அவர்களுக்குக் கேட்க மனமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

செல்லியம்மாளிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணை ஓரமாகப் பஸ் மலை ஏறியது. சொல்லாமல் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு ஒவ்வொரு வளைவிலும் வந்தது. பதிவே போய்விட்டது, இனிச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? தூக்கத்தில் போனான் என்று இருக்கிறவளிடம் அதையும் பிடுங்க வேண்டுமா? கரியாலூரில் இறங்கிய பிறகும் அந்தக் கேள்வி அவளோடுதான் நடந்தது.

பாவாடை மரவள்ளிக் கிழங்கைக் குவித்துக்கொண்டிருந்தார். எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். செல்லியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். கோகிலவாணி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்குத் தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதில் ஆரம்பித்து, பதினோரு நாள், நான்கு நிமிடம், செத்துப்போன போன் வரை. அவர்களை அவள் "ங்க" போட்டுப் பேசியது அதுதான் முதல் முறை.

"அப்ப தூக்கத்துல போவல," என்றாள் செல்லியம்மாள்.

"இல்லைங்க."

"தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற யாராண்டயாவது எடுத்துனு போயிருப்பமே பாப்பா. பாண்டிக்கு நடந்தாவது போயிருப்பமே."

"வுடு. பாப்பா இன்னா வேணும்னா செஞ்சிது," என்றார் பாவாடை.

"நீ சும்மா கெட. அது வேணும்னா செய்யல, எனக்குத் தெரியாதா? எம் புள்ள பேசினது போச்சே."

பாவாடை தனக்காகப் பரிந்து பேசியதுதான் கோகிலவாணியால் தாங்க முடியாததாக இருந்தது. தலைகுனிந்து நின்றாள். செல்லியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நர்சம்மாவிடம் பேச முடியுமா என்று கேட்டாள். டவர் கிடைக்கும் மேட்டுக்கு மூவரும் ஏறினார்கள். மணி அடித்தது. அமினாத்தா எடுத்தாள்.

செல்லியம்மாள் சொன்னதை இவள் பிரெஞ்சில் சொன்னாள், அங்கிருந்து வந்ததைத் தமிழில் சொன்னாள். தடுமாறினாள், சொல் கிடைக்காமல் சுற்றி வளைத்தாள், ஆனாலும் போய்ச் சேர்ந்தது. சாப்பிட்டானா என்றாள் செல்லியம்மாள். கஞ்சி கொஞ்சம். யார் பக்கத்தில் இருந்தது என்றாள். நானும் வார்டைத் துடைக்கிற அம்மாவும்.

"சிரிச்சான்னு சொன்னாங்களே. அது பேச ஆரம்பிச்சப்பவா, முடிக்கறப்பவா? கேளு."

கோகிலவாணி கேட்டாள். மறுமுனையில் அமினாத்தா கேள்வியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னாள்.

செல்லியம்மாள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிக்கும்போது என்று இவளாகவே சேர்த்துச் சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று கோகிலவாணிக்குத் தெரியும். சொல்வதற்கு அரை நொடி கூட ஆகாது.

"ஞாபகம் இல்லையாம்," என்றாள்.