டிக்கெட் கேட்கும் கண்கள்

அலெக்ஸாந்திரியா டிராமில் மெத்வல்லி இருபத்திரண்டு வருடமாக நடத்துநர். அதில் இருபத்தொரு வருடம் அவரை யாரும் மதித்ததில்லை. டிக்கெட் கேட்டால் மாணவர்கள் கடலைப் பார்ப்பார்கள். போன குளிர்காலத்தில் திடீரென்று எல்லோரும் கேட்கும் முன்பே காசை நீட்டினார்கள். ஐம்பது வயதில் தனக்குக் கம்பீரம் வந்துவிட்டதென்று மீசையைத் தடவிக்கொண்டார். உடம்பு இளைத்ததையும் கை நடுங்கியதையும் அந்தக் கம்பீரத்தோடு சேர்த்துவிட்டார்.

ஒருநாள் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். மேலிமைகள் ஏறி, விழிகள் பிதுங்கி, ஐஸ் மேல் கிடக்கும் மீன் ஒன்று அவரைப் பார்த்தது.

"யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்றாள் மனைவி இன்ஷிராஹ்.

"எதைப் பார்த்து வச்சாங்க? என் வழுக்கையையா?"

தூபக்கால் ஏழு முறை அவரைச் சுற்றியது. புகையில் கண்கள் சிவந்து நீரைக் கொட்டின. "பாரு, திருஷ்டி வெளிய வருது!" என்றாள் அவள். மறுநாளும் ஏழு சுற்று. டிராமிலோ தாய்மார்கள் அவரைக் கண்டதும் "மாஷா அல்லாஹ்" சொல்லிப் பிள்ளை முகத்தை மூடினார்கள். வீட்டில் கண்பட்டவர், வேலையில் கண்போடுகிறவர்.

பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகும். அப்படியே ஒரு பெண்மணியிடம் டிக்கெட் கேட்டார்.

"இந்த வயசுல கண்ணடிக்கிறியா, வெக்கங்கெட்டவனே!" கைப்பை தலையில் இறங்கியது. அங்கிருந்து நேராக மருத்துவமனை.

டாக்டர் ஸாஃபினாஸ் ரத்த அறிக்கையைப் படித்தார். "எதிர்ப்பொருள் அதிகமா இருக்கு. கிருமியை அடிக்க வேண்டியது, உங்க கழுத்துல இருக்கிற தைராய்டைப் பிடிச்சு ஓயாம வேலை வாங்குது. கண்ணுக்குப் பின்னாடி சதையையும் விடல. அது வீங்கித்தான் கண்ணை வெளிய தள்ளுது."

"என்னை யாரும் கண்டுக்கறதில்லன்னு தெரியும் டாக்டர். என் ரத்தத்துக்குமா அடையாளம் தெரியல?"

"சிகரெட் எத்தனை?"

"இருபது. எனக்கு நாப்பதா தெரியுது."

டாக்டர் சிரிக்கவில்லை. "புகை எதுவும் ஆகாது, சாம்பிராணியும்தான். வீக்கம் கண் நரம்பை நசுக்கினா பார்வையே போயிடும். தினமும் ஒவ்வொரு கண்ணா மூடி, சிவப்பா எதையாவது பாருங்க. நிறம் மங்கினா உடனே ஓடி வாங்க."

இன்ஷிராஹ் தூபக்காலைப் பரண்மேல் ஏற்றினாள். மெத்வல்லி மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். சிகரெட்டை மட்டும் குளியலறைக்கு மாற்றிக்கொண்டார். தன்னை ஏமாற்ற வேறு ஆள் வேண்டாம் என்று அவருக்கே தெரியும்.

ஒரு காலை, இடக்கண்ணுக்குத் தக்காளி பழைய செங்கல்லாகத் தெரிந்தது. வீட்டுச் செருப்போடு ஓடினார். உடனே படுக்க வைத்து கை ரத்தக்குழாயில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் இன்ஷிராஹ் அவருடைய வலக்கண்ணைப் பொத்தி ஒரு தக்காளியை நீட்டினாள்.

"என்ன நிறம்? பொய் சொன்னே, கொன்னுடுவேன்."

"சிவப்பு." தக்காளியைக் கையில் வாங்கிக்கொண்டார். "நல்ல சிவப்பு."

தலையணைக்கடியிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, அருகில் நின்ற தாதியிடம் நீட்டினார்.

"தூக்கிப் போட்டுடு மகளே. பெரிய வீரன்னு நினைச்சுடாதே. பயந்துட்டேன், அவ்வளவுதான்."