தண்ணீர் பட்டால் போகிற நீலம்

பெட்டியின் மூடி நனைந்திருந்தது. மெல்பர்னில் ஒரு கலைக்கூடத்தின் சரக்கு இறக்கும் லோடிங் டாக்கில், ஓட்டுநர் லாரியின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிய பிறகு நான் டார்ச் அடித்தபோது முதலில் கண்ணில் பட்டது அதுதான். மூடியின் மேல் ஒரு திட்டு. அங்கிருந்து ஒரு கோடு பக்கப் பலகையில் வழிந்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன், தண்ணீர்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிட்னியில் ஒரு கலைக்கூடத்தில் ரெஜிஸ்டிராராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படங்களை இரவல் வாங்குவது, பேக் செய்வது, கூடவே போய்ப் பத்திரமாக ஒப்படைப்பது எல்லாம் என் பொறுப்பு. இயல்பிலேயே நான் பயந்தாங்கொள்ளி. வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போகிற ரகம். இந்த வேலைக்கு அது ஒரு தகுதி என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது

உள்ளே ஒரே ஒரு ஜப்பானிய மரஅச்சுப் படம். கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் ஒருவர் வேஷத்தோடு, கழுத்தைத் திருப்பி முறைத்துக்கொண்டு நிற்பார். அவர் தலைக்கு மேலே, கொடி படர்வதுபோல் வளைந்த எழுத்தில் மூன்று கவிதைகள். இவை கடையில் விற்ற படங்கள் அல்ல. அந்தக் காலத்தில் கவிதைச் சங்கங்கள் வைத்திருந்தவர்கள், தங்களுக்குப் பிடித்த நடிகரின் படத்தோடு சொந்தக் கவிதைகளையும் சேர்த்து அச்சடித்து, புத்தாண்டுக்கு நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். காகிதம் துணிபோல் தடிமனாக இருக்கும். மையே இல்லாமல் அழுத்தி எடுத்த பூ வேலை சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

படத்தை இரவல் கொடுத்தவர் கெய்கோ என்ற சிட்னி அம்மையார். இரண்டாவது கவிதையை எழுதியவர் அவருடைய முன்னோர், ஒரு அரிசி வியாபாரி. “நீ மேடையில் சிரித்தாய், பனிக்குள் இருந்த மொட்டு வெட்கப்பட்டு அவிழ்ந்தது” என்று கெய்கோ எனக்கு அதன் பொருளைச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றிக் குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள் மட்டும்தான். பேக் செய்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “மழை வருமா?”

கேட்டதற்குக் காரணம் உண்டு. நடிகரின் அங்கியில் இருந்த நீலம் ஒரு பூவின் சாறு. நம் ஊர் வரப்பில் முளைக்கும் கானாவாழை இனத்துப் பூ. தண்ணீர் பட்டால் அந்த நீலம் நிற்காது. ஒரு சொட்டு போதும். திருப்பிக் கொண்டுவரவே முடியாது.

வழியில்

சிட்னியிலிருந்து லாரியை ஓட்டி வந்தவர் சூசை. மன்னார்க்காரர், குடும்பம் மெல்பர்ன் பக்கம் நோபல் பார்க்கில். பிரேக்கை மிதிப்பதே தெரியாமல் ஓட்டுவார். அதனால் அவர் வந்தால்தான் எனக்கு நிம்மதி. பெட்டியைக் கட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும் முன் அவருக்கும் அந்த நீலத்தின் கதையைச் சொன்னேன், கொஞ்சம் அதிகமாகவே.

“ஒரு சொட்டுத் தண்ணிக்கே போயிடுமோ அக்கா?”

“ஆமா சூசை. போனா போனதுதான்.”

“கடவுளே” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பாதி வழியில், கண்டகாய் என்ற ஊர் தாண்டியதும் மழை பிடித்தது. வைப்பர் அடித்து மாளவில்லை. நான் ஜன்னலைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். லாரியின் கூரையில் விழுந்த சத்தம் முழுதும் என் மண்டைக்குள் விழுந்தது.

டாக்கில்

அந்தக் கலைக்கூடத்தின் கண்காட்சி மேலாளர் கிரெக் மூடியைப் பார்த்ததுமே சொன்னார்: “கூரை ஒழுகியிருக்கு. எவ்வளவு நேரமா இறங்குதோ யாருக்குத் தெரியும்? இப்பவே திற.”

எங்கள் தொழிலில் வந்த பெட்டியை உடனே திறக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே அறையில் இருக்கவேண்டும். குளிரில் வந்த பெட்டியைச் சூடான அறையில் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும். குளிர்காலத்தில் கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதேதான். அந்த ஈரமே நீலத்துக்குப் போதும். ஆனால் மழைத் தண்ணீர் மணிக்கணக்கில் மூடிக்குள் இறங்கியிருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் படம் ஊறிக்கொண்டிருக்கும். திறந்தாலும் போகும், திறக்காவிட்டாலும் போகும். எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முடிவெடுக்கவே முடியாது.

“சூசை, உள்ள ஒழுகிச்சா?”

“மழைத் தண்ணியாத்தான் இருக்கும் அக்கா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூரையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் பயத்தில் என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. கிரெக் ஸ்க்ரூ கன்னை எடுத்துவரச் சொல்லிவிட்டார். கெய்கோவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று வாக்கியங்களைக்கூட மனதுக்குள் கோர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்க்ரூ கன் முதல் திருகாணியில் வைக்கப்பட்டபோது சூசை குறுக்கே வந்து மூடியின் மேல் கையை வைத்தார்.

“திறக்க வேண்டாம் அக்கா. அது மழை இல்லை.”

சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்தார். மாதா உருவத்தில், நீல மூடியோடு. காலியாக இருந்தது.

“ஆசீர்வதிச்ச தண்ணி. நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு நெஞ்சு பதறிட்டுது. ஒண்டும் நடக்கக் கூடாதெண்டு, கதவைச் சாத்த முன்னம் பெட்டிக்கு மேல டேப் போட்டு ஒட்டி வச்சனான். மூடி கழண்டிட்டுது. கதவு திறந்த உடனே கண்டனான், எடுத்து ஒளிச்சிட்டன். இவ்வளவு தண்ணிதான் அக்கா, சத்தியமா.”

“இதை ஏன் கேட்டப்பவே சொல்லல?”

“வேலை போயிடுமெண்டு பயம். நீங்களே அவருக்குச் சொல்லுங்கோ. எனக்கு இப்ப இங்கிலீசு வாய்க்குள்ள வருதில்லை.”

மொழிபெயர்க்க வாயைத் திறந்த நான் ஒரு கணம் தயங்கினேன். போத்தலை மறைத்து வேறு ஏதாவது சொல்லலாம். ஆனால் போத்தலைக் காட்டாவிட்டால் கிரெக் திறந்துவிடுவார். உள்ளதை உள்ளபடியே சொன்னேன். கிரெக் போத்தலையும் சூசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த ஆள் சொல்றதை நம்புறியா?”

“நம்புறேன்.”

“படம் போச்சுன்னா பழி உன் பேர்லதான்.”

“சரி” என்றேன்.

அந்த அளவு தண்ணீரை மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் தாங்கும். தாங்க வேண்டும். ஒற்றுத்தாளால் வெளியே துடைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டிய அறையில் விட்டேன். அன்று கெய்கோ போன் செய்தார். “வந்து சேர்ந்ததா?” “சேர்ந்தது” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் திறந்தபோது ரப்பரின் வெளிப்பக்கம் மட்டும் ஒரு தண்ணீர்த் தடம் இருந்தது. உள்ளே தாள் காய்ந்து கிடந்தது. நீலம் அப்படியே இருந்தது. அரிசி வியாபாரியின் எழுத்தில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு

படம் பிழைத்தது சூசை வாயைத் திறந்ததால். அதை என் ரிப்போர்ட்டிலும் எழுதினேன், அவருடைய கம்பெனிக்குப் போன் செய்தும் மன்றாடினேன். “படத்தின் மேல் தண்ணீர் வைத்தவரை எப்படி மறுபடி அனுப்புவது?” என்று கேட்டார்கள். கலைப்பொருள் வண்டியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். ஃபர்னிச்சர் லாரி கொடுத்தார்கள் என்று கேள்வி.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றது இதுதான்: உங்கள் பயத்தை வண்டி ஓட்டுகிறவர் தலையில் ஏற்றாதீர்கள். என்ன செய்யக்கூடாது என்று சொல்லுங்கள், அது போதும். அதைவிடப் பெரியது, உண்மையைச் சொன்னவருக்கு அதனால் கேடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு பெரியது என்று அடுத்த வருடம்தான் எனக்குப் புரிந்தது.

வேறு படம், அதே டாக். பெட்டியின் ஒரு மூலை நசுங்கி வந்திருந்தது. ஓட்டிவந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், எனக்குப் புதியவர்.

“தம்பி, வழியில என்ன ஆச்சு? விழுந்துச்சா, இடிச்சுச்சா? திட்டமாட்டேன், சொல்லுங்க.”

“எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா.”

“தெரிஞ்சாத்தான் திறக்கிறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ண முடியும்.”

அவர் கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சூசையண்ணையும் உண்மையைச் சொன்னவர்தானே அக்கா. இப்ப ஃபர்னிச்சர்தானே ஏத்துறார்.”

நான் நசுங்கிய மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.